ஆழக்குவியமும் மங்கிய பின்னணியும்: பார்வையாளரின் கண்ணை நடத்துவது எது?

நாலாம்சுவர் எழுதியது:

இணையத்தில் வெளியாகும் தமிழ்க் குறும்படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே பழக்கம் மேலோங்கியிருக்கிறது. நடிகரின் முகம் மட்டும் கூர்மையாகத் தெரிகிறது. அவருக்குப் பின்னால் இருக்கும் வீடு, தெரு, மனிதர்கள் எல்லாம் வண்ணத் திட்டுகளாக மங்கிக் கிடக்கின்றன. டீக்கடைக் காட்சியாக இருந்தாலும் மருத்துவமனைக் காட்சியாக இருந்தாலும் லென்ஸின் துளை முழுவதும் திறந்தே இருக்கிறது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது, முழுச்சட்டகச் சென்சாரில், அதாவது 35 மி.மீ. புகைப்படச் சுருளின் சட்டக அளவுள்ள ஒளியுணரியில், முழு எச்டி காணொளி எடுக்கும் வசதி சிறிய குழுக்களுக்கும் எட்டியது. அதுவரை வீடியோ கேமராக்களின் சிறிய சென்சாரில் கைகூடாதிருந்த மங்கிய பின்னணி, "சினிமா மாதிரி இருக்கிறது" என்று சொல்ல வைக்கும் முதல் அடையாளமாக மாறியது. அந்த அடையாளம் இன்று யோசனையின்றிப் பின்பற்றும் வழக்கமாக இறுகிவிட்டது என்பதே என் கவலை.

இதற்கு எதிர்நிலையில் நிற்கும் ஒரு காட்சியை நினைவூட்டுகிறேன். ஆர்சன் வெல்ஸ் இயக்கி கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு செய்த 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில், சிறுவன் கேனை ஒரு வங்கியாளரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் அவனுடைய தாய் கையெழுத்திடுகிறாள். தாயும் வங்கியாளரும் கேமராவுக்கு அருகில் மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். இடைத்தூரத்தில் நின்றபடி தந்தை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் பின்னால், சாளரத்துக்கு வெளியே, பனியில் சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். மூன்று தளங்களும் கூர்மையாகத் தெரிகின்றன. அருகும் தொலைவும் இப்படி ஒருசேரக் கூர்மையாக இருப்பதைத்தான் ஆழக்குவியம் என்கிறோம். தன் வாழ்க்கை வேறொருவர் கைக்குப் போவதை அறியாத அந்தச் சிறுவன், சாளரத்தின் நான்கு விளிம்புகளுக்குள் சட்டகத்துக்குள் ஒரு சட்டகமாக அடைபட்டிருக்கிறான். அவனை மங்கலாக்கியிருந்தால், ஒரு வீட்டில் நடந்த கையெழுத்துச் சடங்கு மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

பின்னணியை மங்கலாக்கும்போது, சட்டகத்தில் எதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் உழைப்பிலிருந்து இயக்குநர் தப்பித்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒளிமானி எழுதியது:

நண்பர் நாலாம்சுவர் அவர்களின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதைச் சோம்பல் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. ஆழக்குவியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை ஒளியில் கொடுக்க வேண்டும்.

கூர்மை எவ்வளவு தூரம் நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பவை லென்ஸின் குவியத்தூரம், துளையின் அளவு, குவியம் வைக்கப்பட்ட பொருளின் தூரம் ஆகியவையும், படத்தில் எந்த அளவு மங்கலை நம் கண் கூர்மையென்று ஏற்றுக்கொள்ளும் என்ற வரம்பும்தான். லென்ஸின் எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, கூர்மையின் ஆழம் குறைவு. 35 மி.மீ. சினிமாச் சட்டகத்துக்கு அந்த வரம்பை 0.025 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் நிலைமை விளங்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து 2 மீட்டரில் நிற்பவர்மேல் குவியம் வைத்தால், கூர்மையாக இருக்கும் பகுதி ஏறக்குறைய 11 செ.மீ. மட்டுமே, மூக்கு நுனியிலிருந்து காதுவரை செல்வதற்குள் அது தீர்ந்துவிடும். அதே கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து 2.9 மீட்டரில் குவியம் வைத்தால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை அனைத்தும் கூர்மையாக இருக்கும்.

ஆனால் எஃப் 1.4இலிருந்து எஃப் 8க்குப் போவதென்றால் ஐந்து ஸ்டாப் ஒளியை இழக்கிறோம்; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். அதாவது 32 மடங்கு கூடுதல் வெளிச்சம் தேவை. எஃப் 16க்குப் போனால் 128 மடங்கு. டோலண்ட் 'சிட்டிசன் கேன்' படத்தைப் பெரும்பாலும் எஃப் 8க்கும் எஃப் 16க்கும் இடையில் எடுத்தார். அதற்கு மூன்று வசதிகள் அவருக்குக் கைகொடுத்தன. 1930களின் இறுதியில் கோடாக் நிறுவனம் வெளியிட்ட வேகமான, அதாவது குறைந்த ஒளியிலும் பதியக்கூடிய, சூப்பர் எக்ஸ்எக்ஸ் படச்சுருள் ஒன்று. லென்ஸுக்குள் ஒளி எதிரொளித்து வீணாகாமல் தடுக்கும் மேற்பூச்சு மற்றொன்று. வலிமையான ஆர்க் விளக்குகள் மூன்றாவது. இவற்றோடு, விளக்கு வைப்பதற்கு ஹாலிவுட் அரங்கின் விரிந்த இடமும் இருந்தது.

வாடகை வீட்டின் பத்துக்குப் பத்து அறையில், இரண்டு எல்இடி பேனல்களோடு இரவுக் காட்சி எடுக்கும் இளைஞர் லென்ஸைத் திறப்பது அழகுணர்ச்சியால் மட்டும் அல்ல. மூடினால் படம் இருண்டுவிடும், சென்சாரின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும் என்ற நெருக்கடியாலும்தான். மங்கிய பின்னணிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கலை இயக்கத்துக்குப் பணம் இல்லாத படத்தில், சுவரில் தொங்கும் பொருந்தாத காலண்டரை அது மறைத்துவிடுகிறது. ஆழக்குவியத்தில் எடுப்பவர் அந்தச் சுவர் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

பின்வரிசை எழுதியது:

இதே படத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நல்லது. 'சிட்டிசன் கேன்' படத்தில் கேனின் மனைவி சூசன் நஞ்சருந்திக் கிடக்கும் காட்சியைப் பலரும் ஆழக்குவியத்துக்கு உச்ச எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். கேமராவை ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடித் தம்ளரும் கரண்டியும் இருக்கின்றன; நடுவில் இருளில் சூசன் கட்டிலில் கிடக்கிறாள்; கோடியில் இருக்கும் கதவை உடைத்துக்கொண்டு கேன் வருகிறார். அந்தத் தம்ளரையும் அந்தக் கதவையும் ஒரே லென்ஸால் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பிடித்துவிடவில்லை. முதலில் பின்பகுதியை இருட்டாக வைத்து முன்பகுதியை எடுத்தார்கள்; பிறகு கேமராவுக்குள்ளேயே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பகுதியை இருட்டாக்கிவிட்டுப் பின்பகுதியை அதே சுருளில் பதித்தார்கள்.

இதனால் அந்தக் காட்சியின் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை. தம்ளர், உடல், கதவு என்ற மூன்றையும் ஒரே பார்வையில் சேர்த்துவைக்க வேண்டும் என்ற முடிவு முதலில் எடுக்கப்பட்டது. அதை நிறைவேற்றும் வழி பிறகு தேடப்பட்டது. காரணம், செயல், பின்விளைவு மூன்றும் ஒரே சட்டகத்தில் அடங்குவதால், ஒரு வெட்டுகூட இல்லாமல் நாம் முழுக் கதையையும் படித்துவிடுகிறோம்.

லென்ஸால் முடியாததைச் செய்ய இன்னொரு கருவியும் உண்டு. பிளவு டயாப்டர் என்பது லென்ஸின் முகப்பில் பாதியை மட்டும் மூடும் அரைக் கண்ணாடி. அந்தப் பாதி அருகில் இருப்பதைக் கூர்மையாக்கும். மற்றப் பாதி வழக்கம்போலத் தொலைவைப் பார்க்கும். ஆலன் ஜே. பகுலா இயக்கி கார்டன் வில்லிஸ் ஒளிப்பதிவு செய்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' (1976) படத்தில், செய்தியாளர் வேடத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் பேசும் ஏறக்குறைய ஆறு நிமிட ஷாட்டில் இதைக் காணலாம். அருகில் அவர் முகமும், தொலைவில் செய்தியறையின் நடமாட்டமும் ஒருசேரத் தெளிவாக இருக்கின்றன. இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு மங்கல் பட்டை விழும் என்பதால், அந்தப் பட்டை ஒரு தூணிலோ கதவு நிலையிலோ இருண்ட பகுதியிலோ படியுமாறு சட்டகத்தை அமைக்க வேண்டும். குவியத்தின் சிக்கலைச் சட்டக அமைப்பைக் கொண்டே தீர்க்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சாளரம் எழுதியது:

இந்த இழை ஆழக்குவியத்துக்கே மாலை சூட்டிக்கொண்டிருப்பதால், மறுதரப்பை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். மங்கலாக்குவது உழைப்பிலிருந்து தப்பிப்பது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஒரு படத்தின் அறநிலைப்பாடே மங்கலில் தங்கியிருக்க முடியும்.

ஹங்கேரிய இயக்குநர் லாஸ்லோ நெமெஷின் 'சன் ஆஃப் சால்' (2015), 1944இல் ஆஷ்விட்ஸ்-பிர்கனாவ் வதைமுகாமில் நடக்கும் கதை. நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் வேலைக்கு வலுக்கட்டாயமாக அமர்த்தப்பட்ட யூதக் கைதிகளுள் ஒருவர் சால். ஒளிப்பதிவாளர் மாட்யாஷ் எர்டெய் 35 மி.மீ. படச்சுருளில், பெரும்பாலும் 40 மி.மீ. லென்ஸைக் கொண்டே, ஏறக்குறையச் சதுரமான பழைய 1.37 விகிதச் சட்டகத்தில் இதை எடுத்தார். படம் முழுவதும் கேமரா சாலின் முகத்துக்கோ பிடரிக்கோ மிக அருகில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நடக்கும் கொடுமைகள் மங்கலான நிறங்களாகவும் அசைவுகளாகவும் மட்டுமே தெரிகின்றன. அகன்ற சட்டகமாக இருந்திருந்தால் இருபுறமும் காட்சி விரிந்து, பார்வையாளருக்கு ஒரு வரலாற்றுப் படத்தின் பரந்த தோற்றம் கிடைத்திருக்கும். குறுகிய சட்டகம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கண்ணுக்கு மறைத்ததை ஒலி கொண்டுவந்து சேர்க்கிறது. கதவை அறையும் கைகளின் ஒலியும், ஆணைகளும், பல மொழிகளில் எழும் குரல்களும் நம்மை விடுவதில்லை.

அந்தப் பின்னணியைக் கூர்மையாகக் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கொல்லப்பட்டவர்களின் உடல்கள் வேடிக்கைப் பொருளாகியிருக்கும். மேலும், அந்த வேலையைச் செய்துகொண்டு உயிரோடு இருக்க வேண்டுமானால் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்ற சாலின் மனநிலையும் நமக்குக் கிடைத்திருக்காது. இங்கே மங்கல் என்பது அவருடைய பார்வை.

படத்தின் முதல் ஷாட்டையும் கவனியுங்கள். முழுக் காட்சியும் மங்கலாகத் தொடங்குகிறது. தொலைவிலிருந்து ஓர் உருவம் கேமராவை நோக்கி நடந்துவந்து, குவியம் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் நின்றவுடன் முகமாகிறது. குவியம் அவரைத் தேடிப் போகவில்லை. அவர் குவியத்துக்குள் வந்து நிற்கிறார். இந்த ஒரு முடிவிலேயே படத்தின் விதி முழுவதும் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. இதை உழைப்பில்லாத வேலை என்று யாராவது சொல்ல முடியுமா?

நாலாம்சுவர் எழுதியது:

நண்பர் சாளரம் அவர்கள் எடுத்துக்காட்டிய படத்தைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. அங்கே மங்கல், கதைக்குள்ளிருந்து எழுந்த முடிவு. நான் குறைகூறுவது, கதையைக் கேட்பதற்கு முன்பே லென்ஸைத் திறந்துவைக்கும் வழக்கத்தை. ஆனால் உங்கள் பதிவு இதைவிட ஆழமான ஒரு கேள்விக்கு வழிதிறக்கிறது.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசான், ஆழக்குவியம் பார்வையாளருக்குத் தேர்வுரிமை தருகிறது என்று வாதிட்டார். படத்தொகுப்பு, இதைப் பார், அடுத்து அதைப் பார் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறது; ஆழமான சட்டகத்திலோ எதைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே முடிவுசெய்கிறார், அதனால் வாழ்க்கையில் இருக்கும் பொருள்மயக்கம் திரையிலும் தங்குகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. இந்த வாதத்தில் ஒரு பாதியை மட்டுமே நான் ஏற்கிறேன். வில்லியம் வைலர் இயக்கி, டோலண்ட் ஒளிப்பதிவு செய்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) படத்தைப் பற்றி பாசானே 1948இல் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் வரும் மதுக்கூடக் காட்சியைப் பாருங்கள். முன்னால், போரில் இரு கைகளையும் இழந்த ஹோமர், தன் இரும்புக் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். போரிலிருந்து திரும்பிய இன்னொருவரான ஆல் அருகில் நின்று அதைப் பார்க்கிறார். சட்டகத்தின் கோடியில், வாசலை ஒட்டிய தொலைபேசிக் கூண்டுக்குள், ஆலின் மகளுடன் கொண்ட உறவை முறித்துக்கொள்வதற்காக, அவர்களைப்போலவே போரிலிருந்து திரும்பிய ஃபிரெட் பேசிக்கொண்டிருக்கிறான். கதையின் திருப்பம் அந்தக் கூண்டுக்குள் நடக்கிறது. ஆனால் நமக்கு அவன் குரல் கேட்பதில்லை, உருவமும் மிகச் சிறியது. இசையும் அசைவும் இருப்பதோ முன்னால்.

இங்கே நம் கண் தன்விருப்பப்படி அலைகிறதா? இல்லை. ஆல் தலையைத் திருப்பிக் கூண்டைப் பார்க்கிறார். அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு நாமும் அங்கே போகிறோம். மீண்டும் அவர் பியானோவைப் பார்க்கும்போது நாமும் திரும்புகிறோம், ஆனால் மனம் கூண்டிலேயே நின்றுவிடுகிறது. குவியத்தை மாற்றி நம்மை அங்கே அனுப்பியிருந்தால் அது இயக்குநரின் ஆணையாக இருந்திருக்கும். ஒரு பாத்திரத்தின் பார்வையைப் பின்பற்றிப் போகும்போது, அந்தத் தகப்பனின் தவிப்பும் நம்முடையதாகிறது. கண் நடத்தப்படுவது இரண்டிலும் உண்டு. நடத்தும் வேலையை லென்ஸ் செய்கிறதா, நடிகர்களின் இருப்பும் ஒளியும் செய்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

சட்டகத்துக்குள் அளவு எப்படிப் பொருளாகிறது என்பதற்கு மீண்டும் 'சிட்டிசன் கேன்' படத்துக்கே போகிறேன். பொருளாதார வீழ்ச்சியில் கேன் தன் நிறுவனங்களின் கட்டுப்பாட்டை இழக்கும் காட்சியில், அவருக்குப் பின்னால் சாதாரண உயரத்தில் இருப்பதாகத் தோன்றும் சாளரங்கள் இருக்கின்றன. அவர் பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்து அவற்றின் அடியில் போய் நிற்கும்போதுதான், சாளரத்தின் அடிவிளிம்பே அவர் தலைக்கு மேலே இருப்பது தெரிகிறது. பேராளுமையாகத் தோன்றியவர் சில அடிகளில் சிறுவனைப்போல் ஆகிவிடுகிறார். அகல லென்ஸ் தூரத்தை நீட்டிக்காட்டும் இயல்பும், முன்னும் பின்னும் குறையாத கூர்மையும் சேர்ந்தால் மட்டுமே இது நடக்கும். பின்னணி மங்கியிருந்தால் சாளரங்களின் அளவை நம்மால் தவறாக எண்ணிக்கொள்ளவும் முடியாது, பிறகு திடுக்கிடவும் முடியாது.

குவியவளையம் எழுதியது:

நான் கேமரா உதவியாளராக, குறிப்பாக ஃபோகஸ் புல்லராக வேலை செய்பவன். இயக்குநர்களும் விமர்சகர்களும் பேசும் இடத்தில், குவியத்தைக் கையால் திருப்புகிறவர்களின் தரப்பும் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

குவியத்தை எங்கே வைப்பது என்பதோடு, எப்போது எவ்வளவு வேகத்தில் மாற்றுவது என்பதும் நடிப்பின் பகுதி. மைக் நிக்கோல்ஸின் 'தி கிராஜுவேட்' (1967) படத்தில், எலைன் தன் அறைக் கதவுக்கு அப்பால் தன் தாய் நிற்பதைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு தன்னோடு பழகும் இளைஞன் பெஞ்சமினை நோக்கி முகத்தைத் திருப்புகிறாள். குவியம் உடனே அவளோடு திரும்புவதில்லை. அவள் முகம் சற்று நேரம் மங்கலாகவே இருக்கிறது. தன் தாய்க்கும் அவனுக்கும் இடையே நடந்தது அவளுக்குப் புரியப் புரிய முகம் மெல்லக் கூர்மையடைகிறது. பயிற்சி வகுப்பில் இதைப் பிழை என்றே சொல்வார்கள். நடிகர் திரும்பும்போது குவியமும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பதுதான் நாங்கள் முதலில் கற்கும் பாடம். அந்தத் தாமதமே இங்கே அவள் மனத்தின் ஓட்டமாகிறது.

குறைந்த ஆழத்தில் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975) படத்தைவிடப் பெரிய சான்று இல்லை. 18ஆம் நூற்றாண்டின் அறைகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்பதற்காக, நாசாவின் தேவைக்கென்று ஸைஸ் நிறுவனம் வடிவமைத்த 50 மி.மீ., எஃப் 0.7 லென்ஸை அவர் வாங்கினார். லென்ஸின் பின்முனை படச்சுருளுக்கு மிக அருகில் வர வேண்டியிருந்ததால், மிட்செல் பிஎன்சி கேமராவையே அறுத்து மாற்றியமைக்க நேர்ந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட், படச்சுருளை ஒரு ஸ்டாப் கூட்டிக் கழுவச் செய்து, அதன் ஒளியுணர்திறனை 200 ஏஎஸ்ஏ வேகத்துக்குக் கொண்டுவந்தார். நண்பர் ஒளிமானி கொடுத்த கணக்கின்படியே பார்த்தால், எஃப் 0.7இல் 2 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் கூர்மையின் ஆழம் 6 செ.மீ.கூட இல்லை. நடிகர் மேசையில் சற்று முன்னே சாய்ந்தாலே முகம் கரைந்துவிடும்.

அந்தக் குவியத்தைப் பிடித்தவர் டக் மில்சம். கேமராவுக்குச் செங்கோணத்தில், பக்கவாட்டில் ஒரு சிறு வீடியோ கேமராவை வைத்து, அதன் திரையில் கோடுகள் வரைந்து, நடிகர் முன்னே வருகிறாரா பின்னே போகிறாரா என்பதை அதில் பார்த்துக் குவியத்தைத் திருப்பினார். நடிகர்களும் அசைவைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அசையாமையே, உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாத அந்தக் காலத்து மேட்டுக்குடி மேசைகளுக்குப் பொருந்திப் போனது. கருவியின் கட்டுப்பாட்டை நடிப்பின் இலக்கணமாக மாற்றிக்கொண்ட இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று லென்ஸ் அகலத் திறந்திருக்கும் படப்பிடிப்புகளில், நடிகருக்குத் தரையில் டேப் ஒட்டிக் குறியிடக்கூட நேரம் கொடுப்பதில்லை. ஒத்திகை இல்லாமலே "டேக்" என்று போய்விடுகிறார்கள். பிறகு குவியம் தவறினால் பழி ஃபோகஸ் புல்லர்மேல் விழுகிறது. குறைந்த ஆழத்தில் எடுக்க விரும்பும் இயக்குநர் முதலில் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இதை எல்லா இளம் இயக்குநர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதற்சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் முதல் குறும்படத்துக்கான படப்பிடிப்பை அடுத்த மாதம் தொடங்க இருக்கிறேன். இந்த விவாதம் எனக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. கூடத்தில் நின்றுகொண்டு அண்ணன், ஊரில் இருக்கும் நிலத்தை விற்பது பற்றித் தரகரிடம் கைப்பேசியில் பேசுகிறான். கூடத்தின் கோடியில் அடுப்படி. அங்கே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நிலம் விலைபேசப்படுவது அவருக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கு வசனம் இல்லை. இதை ஒரே ஷாட்டில் எடுக்க நினைக்கிறேன். சூப்பர் 35 அளவுச் (35 மி.மீ. சினிமாச் சட்டகத்தை ஒத்த) சென்சார் கொண்ட கேமராவும் 24, 35, 50 மி.மீ. லென்ஸ்களும் கிடைக்கும். அண்ணனிடமிருந்து அம்மாவுக்குக் குவியத்தை மாற்றுவதா, இருவரையும் கூர்மையாக வைப்பதா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒளிமானி எழுதியது:

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு இயக்குநராக நீங்கள் முடிவெடுங்கள்.

24 மி.மீ. லென்ஸோடு அண்ணனுக்கு 2 மீட்டர் தூரத்தில் கேமராவை வைத்து, அம்மா 6 மீட்டர் தூரத்தில் இருந்தால், எஃப் 5.6இல் 3 மீட்டருக்குக் குவியம் வைப்பது போதும், ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 11 மீட்டர்வரை கூர்மை கிடைக்கும். ஆனால் அண்ணனின் உருவத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே அம்மா தெரிவார். 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு, அண்ணனிடமிருந்து 5 மீட்டர் பின்வாங்கினால், அண்ணன் ஏறத்தாழ அதே அளவில் தெரிவான்; அம்மா 9 மீட்டரில் இருப்பதால் அவருடைய உருவம் அண்ணனுடையதில் பாதிக்கும் சற்று மேலாக வளர்ந்துவிடும். அப்போதும் எஃப் 5.6இலேயே 6.4 மீட்டரில் குவியம் வைத்தால் 4.7 முதல் 10 மீட்டர்வரை கூர்மை கிடைக்கிறது. நீளமான லென்ஸ் என்றாலே பின்னணி மங்கும் என்று நம்புகிறார்கள். தூரத்தையும் சேர்த்து மாற்றும்போது அப்படி ஆக வேண்டியதில்லை. எனவே அம்மா எவ்வளவு சிறியவராகத் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள். உங்கள் வீட்டில் 5 மீட்டர் பின்வாங்க இடம் இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். வாசல் திண்ணைக்குப் போய், கதவு வழியாகவும் எடுக்கலாம்.

பகலில் எடுங்கள். அடுப்படிச் சாளரத்தின் வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும்.

சாளரம் எழுதியது:

தம்பி முதற்சுருள், என் கருத்து சற்று வேறுபட்டது. காட்சி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். அண்ணனுடைய குற்றவுணர்ச்சி பற்றியதென்றால், அவன் முகத்தை நெருங்கி, அம்மாவை மங்கலான அசைவாக மட்டும் வைத்திருங்கள். அம்மா அங்கே இருக்கிறார் என்பதை அவன் மறக்க முயல்கிறான், ஆனால் அந்த அசைவு அவனை விடுவதில்லை என்பது பார்வையாளருக்கும் தெரியும். அசைவு நின்றுவிடும்போது அவன் திரும்பிப் பார்க்கலாம். அப்போதும் குவியத்தை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை, எனவே நமக்கும் அது தெரிய வேண்டியதில்லை. அம்மாவைப் பற்றியதென்றால் நாலாம்சுவர் சொல்லும் வழியே சரி. செய்யக் கூடாதது ஒன்றுதான்: அண்ணன் பேசி முடித்தவுடன் குவியத்தைச் சட்டென்று அம்மாவுக்கு மாற்றி, "பார்த்தீர்களா, அவர் கேட்டுவிட்டார்" என்று அறிவிப்பது.

முதற்சுருள் எழுதியது:

மிக்க நன்றி. இது அம்மாவைப் பற்றிய காட்சி. ஆனால் இருவரும் கூர்மையாக இருந்தால், பேசிக்கொண்டிருக்கும் அண்ணனையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று அஞ்சுகிறேன்.

நாலாம்சுவர் எழுதியது:

அஞ்ச வேண்டாம், அண்ணனின் முகத்தை எங்களுக்குக் கொடுக்காதீர்கள். அவன் கேமராவுக்கு முதுகைக் காட்டியோ, முக்கால் பங்கு திரும்பியோ நிற்கட்டும். மனிதக் கண் முகத்தைத் தேடும் இயல்புடையது. சட்டகத்தில் தெளிவாகத் தெரியும் முகம் அம்மாவுடையது மட்டும் என்றால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கேயே போகும். கூடத்தை ஒரு படி இருட்டாக வைத்து, அடுப்படியை வெளிச்சமாக வையுங்கள். அடுப்படியின் கதவு நிலை அம்மாவைச் சுற்றி நிற்குமாறு கேமராவின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அண்ணனின் தோள் அந்த நிலையை ஒரு விரற்கடைகூட மறைக்கக் கூடாது. அம்மாவைச் சட்டகத்தின் நட்டநடுவில் வைக்காமல், அண்ணனின் உருவம் ஒரு பக்கத்தில் கனமாக நிற்க, மறுபக்கத்தின் வெற்றிடத்தில் அவரை வையுங்கள்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஓசை காட்சியின் தொடக்கத்திலிருந்தே அண்ணனின் பேச்சுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கட்டும். அவன் விலையைச் சொல்லும் இடத்தில் அது நிற்கட்டும். ஓசை நின்ற கணத்தில் பார்வையாளர் தாமாகவே அம்மாவைத் தேடுவார். வைலரின் படத்தில் ஆலின் தலைத்திருப்பம் செய்த வேலையை உங்கள் படத்தில் இந்த ஓசை செய்யும். ஆனால் அம்மா வேடமேற்பவர் உடனே நிமிர்ந்து பார்த்துவிட்டால் காட்சி கெட்டுவிடும். கை நின்ற பிறகு, குழாயை மூடுவதற்கோ கையைத் துடைப்பதற்கோ அவருக்கு ஒரு செயலைக் கொடுங்கள்.

குவியவளையம் எழுதியது:

நண்பர் சொன்னதோடு சில நடைமுறைச் செய்திகள். குவியத்தை மாற்றாமல் எடுக்கும் ஷாட் என்பதால் ஃபோகஸ் புல்லருக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். தூரங்களை டேப்பால் அளந்து, கணக்கில் வந்த 6.4 மீட்டர் இடத்தில் ஒரு பொருளை நிறுத்தி, அதன்மேல் குவியம் வைத்துப் பூட்டிவிடுங்கள்; தானியங்கிக் குவியத்தை அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் அது அண்ணனின் தோளைத் தேடிப் போய்விடும். கணக்குத் தரும் எல்லைகளை முற்றாக நம்பாதீர்கள். ஓரத்தில் நிற்கும் அம்மாவின் கூர்மை, சிறிய கேமராத் திரையில் சரியாகத் தோன்றி, பெரிய திரையில் தளர்ந்து தெரியும். ஒரு சோதனை ஷாட் எடுத்து, அதை வீட்டுத் தொலைக்காட்சியிலாவது போட்டு, அம்மாவின் கண் இமை தெரிகிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் குவியத்தை அம்மா பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். அண்ணனின் முதுகு கொஞ்சம் மென்மையானால் யாரும் வருந்தமாட்டார்கள்.

அம்மா நிற்கும் இடத்திலும் அண்ணன் நிற்கும் இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிட்டு, இருவரையும் முழுக் காட்சிக்கும் பலமுறை ஒத்திகை பாருங்கள். நண்பர் சாளரம் சொன்ன வழியையும், வெளிச்சம் மாறுவதற்குள் நேரம் இருந்தால், தனியாக ஒருமுறை எடுத்துவையுங்கள். இரண்டையும் இங்கே பதிவேற்றினால், இந்த இழையில் பேசியவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதை எல்லாருமாகப் பார்த்துவிடலாம்.